பழைய பாலிசி ரத்தானதா? செல்லப்பிராணி இன்சூரன்ஸ் க்ளெய்மில் நடக்கும் அந்த ஒரு சரிபார்ப்பு: மதிப்புரை

நாய்க்கோ பூனைக்கோ எடுத்திருந்த இன்சூரன்ஸை விட்டுவிட்டு வேறு கம்பெனிக்கு மாறியவர்கள், புது இடத்தில் முதல் க்ளெய்ம் போட்டதும் எதிர்பார்க்க வேண்டிய மெயில் இது: "முந்தைய பாலிசி ரத்து செய்யப்பட்டதற்கான ஆதாரத்தை அனுப்பவும்." மாறுவதற்கு முன் பிரீமியம் எவ்வளவு, பில்லில் எத்தனை சதவீதம் தருவார்கள், ஆண்டு உச்சவரம்பு என்ன என்றெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்திருப்பார்கள். இந்தச் சரிபார்ப்பு எப்படி நடக்கும் என்று பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் மாறி வந்தவர்களின் முதல் க்ளெய்ம் எத்தனை நாளில் முடியும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. அதனால் இந்த மதிப்புரை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

முதலில் கம்பெனியின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடலாம். இன்சூரன்ஸ் இழப்பை ஈடுகட்டத்தான், அதற்கு மேல் சம்பாதிக்க அல்ல. ஒரே ஆபரேஷன் பில்லுக்கு இரண்டு கம்பெனிகளிடமும் முழுத்தொகை வாங்க முடியாது. பில்லை 100 என்று வைத்துக்கொண்டால், பழைய கம்பெனி 60 கொடுத்திருக்கும் நிலையில் புதிய கம்பெனி அதிகபட்சம் 40-தான் கொடுக்க முடியும். அதுவும் 'வேறு இன்சூரன்ஸ்' என்ற ஷரத்து இடம் கொடுத்தால்தான். சில பாலிசிகளில் இரண்டு கம்பெனிகளும் பங்கு போட்டுக்கொள்ளும். சிலவற்றில், மற்றவர் கொடுத்தது போக மீந்ததைத்தான் கொடுப்பார்கள். ஆக, சிகிச்சை நடந்த அன்று பழைய பாலிசி உயிரோடு இருந்ததா என்று க்ளெய்ம் அதிகாரி தெரிந்துகொண்டே ஆக வேண்டும். கேட்பதில் தவறே இல்லை. எப்போது கேட்கிறார்கள், எதைக் கேட்கிறார்கள், பதில் வரும்வரை க்ளெய்மை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் நல்ல சேவைக்கும் மோசமான சேவைக்கும் வித்தியாசம்.

பாலிசி எடுக்கும்போதே கேட்டு, விண்ணப்பத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளும் கம்பெனிகள் உண்டு. இதுதான் சிறந்த முறை. அப்போது பிராணிக்கு நோய் இல்லை, அவசரமும் இல்லை, பழைய கம்பெனியும் நம்மை இன்னும் வாடிக்கையாளராகத்தான் நடத்துகிறது. கடிதம் சுலபமாகக் கிடைக்கும். இரண்டாவது வகை, முதல் க்ளெய்மின்போது கேட்பது. பரவாயில்லை, க்ளெய்ம் படிவத்திலேயே அந்தக் கேள்வி இருந்தால். சிறிய க்ளெய்ம்களை எல்லாம் கேள்வி கேட்காமல் கொடுத்துவிட்டு, பெரிய ஆபரேஷன் பில் வந்ததும் முதல் தடவையாகப் பழைய பாலிசியைத் தோண்டுவது மூன்றாவது வகை. இதற்குக் குறைந்த மதிப்பெண்தான். பழைய கம்பெனியில் கணக்கு மூடி ஒரு வருடம் ஆகியிருக்கும், ஆன்லைன் லாகின் போயிருக்கும், மருத்துவமனைக்கோ முழுப்பணத்தையும் கட்டியாகியிருக்கும். வலியில் கிடக்கும் பிராணியைப் பார்த்துக்கொண்டே ஒருவர் கஸ்டமர் கேர் லைனில் காத்திருக்க வேண்டிய நிலை. ஒரே ஒரு கேள்வியை முன்கூட்டிக் கேட்டிருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம்.

அடுத்தது தேதி. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. "பாலிசி எப்போது ரத்தாச்சு?" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ரத்து செய்யச் சொல்லி மெயில் அனுப்பிய நாள் ஒன்று. கம்பெனி அதைக் கணினியில் பதிவு செய்த நாள் இன்னொன்று. கவரேஜ் நிஜமாக முடிந்த நாள் மூன்றாவது. பிரீமியம் கடைசியாகப் பிடிக்கப்பட்ட நாள் நான்காவது. க்ளெய்முக்குத் தேவை மூன்றாவது மட்டும்தான். ஒருவர் 5ஆம் தேதி ரத்து கேட்டிருப்பார், கட்டிய மாதம் முடியும்வரை, அதாவது 28ஆம் தேதிவரை, கவரேஜ் ஓடியிருக்கும். 20ஆம் தேதி நடந்த சிகிச்சைக்கு இரண்டு பாலிசிகளுமே பொறுப்பில் இருந்திருக்கும். ரத்து கேட்ட மெயிலை மட்டும் வாங்கிக்கொண்டு ஃபைலை மூடும் கம்பெனி, பின்னால் இது தெரிந்ததும் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கும். அந்தத் தலைவலி வாடிக்கையாளருக்குத்தான்.

நேரமும் முக்கியம். நள்ளிரவு 12:01 மணிக்குத் தொடங்குவதாக எழுதப்பட்ட பாலிசிகள் நிறைய. ஒரு தேதியை மட்டும் போட்டு 'இந்தத் தேதியில் முடிகிறது' என்று எழுதினால், அந்த நாள் உள்ளே சேர்த்தியா வெளியேயா என்ற கேள்வி மிஞ்சும். இரவு அவசரப் பிரிவில் சேர்த்த நாய்க்கு இந்தக் கேள்வி ஒரு முழு பில்லின் மதிப்பு பெறும். 03/04 என்ற மாதிரி எழுதிய தேதிகளையும் நம்பக் கூடாது. ஓர் ஊரில் அது ஏப்ரல் 3, இன்னோர் ஊரில் மார்ச் 4. மாதத்தை எழுத்தில் போட்டுத் தரச் சொல்லிக் கேட்பதுதான் சரி.

கவரேஜ் முடிந்த நாள் கடிதத்தில் தெளிவாக இல்லாவிட்டால், ரீஃபண்ட் தொகையை வைத்துக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஆண்டு பிரீமியம் மொத்தமாகக் கட்டப்பட்டு, ரத்தின்போது நாள் கணக்கில் திருப்பித் தரப்பட்டிருந்தால் கணக்கு நேரானது. ஜனவரி 1 தொடங்கிய 365 நாள் பாலிசியில் 60 சதவீதம் திரும்பி வந்திருந்தால், 219 நாட்கள் மிச்சம் என்று அர்த்தம். அப்படியென்றால் கவரேஜ் 146ஆம் நாள், அதாவது மே 26 முடியும்போது நின்றிருக்கிறது. கடிதம் ஏப்ரல் என்கிறது, ரீஃபண்ட் மே என்கிறது என்றால் எங்கேயோ இடிக்கிறது, பழைய கம்பெனியிடம் கேட்க வேண்டும். இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது. நிர்வாகக் கட்டணம் பிடித்திருக்கலாம். அந்த ஆண்டில் ஏற்கெனவே க்ளெய்ம் வாங்கியிருந்தால் ரீஃபண்டே கிடையாது என்று சில பாலிசிகளில் இருக்கும். எனவே ரீஃபண்ட் வரவில்லை என்பதால் ரத்து நடக்கவில்லை என்று முடிவு கட்டும் அதிகாரி தவறு செய்கிறார்.

நல்ல ரத்துக் கடிதம் ஒரே பக்கம்தான். பாலிசி எண், உரிமையாளர் பெயர், பிராணியின் பெயர், இனம், மைக்ரோசிப் எண் (தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சிப்பின் எண்), பாலிசி தொடங்கிய நாள், கவரேஜ் முடிந்த நாளும் நேரமும், ரத்து செய்தது யார், காரணம் என்ன, இதுவரை கொடுத்த க்ளெய்ம்கள் எவை, இன்னும் நிலுவையில் ஏதாவது உண்டா. இவை இருந்தால் போதும். மைக்ரோசிப் எண்ணை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒரே வீட்டில் ஒரே இனத்தில் இரண்டு நாய்கள் இருப்பது சாதாரணம், பெயரை எழுதும் விதமும் இடத்துக்கு இடம் மாறும். சர்வதேசத் தரத்திலான சிப் எண் 15 இலக்கம் கொண்டது. ஒரு இலக்கம் குறைந்தாலும் கூடினாலும் எங்கேயோ தட்டச்சுப் பிழை என்று உடனே தெரிந்துவிடும்.

ரத்து செய்தது யார் என்பதை ஏன் கேட்கிறார்கள் என்று பலருக்குக் கோபம் வருகிறது. உரிமையாளர் தானாக நிறுத்துவதும், பிரீமியம் கட்டாததால் பாலிசி லேப்ஸ் ஆவதும், தவறான தகவல் கொடுத்ததாகச் சொல்லிக் கம்பெனியே பாலிசியைச் செல்லாததாக்குவதும் மூன்று வேறு விஷயங்கள். எந்தக் கம்பெனியாவது உங்கள் பாலிசியை ரத்து செய்திருக்கிறதா என்ற கேள்வி விண்ணப்பத்தில் இருந்து, அதற்கு இல்லை என்று பதில் கொடுத்திருந்தால், மூன்றாவது வகையில் க்ளெய்மோடு புதுப் பாலிசியும் சேர்ந்தே ஆட்டம் காணும்.

கார்டை நிறுத்திவிட்டேன், வங்கியில் ஆட்டோ டெபிட்டை எடுத்துவிட்டேன், அதனால் பாலிசி முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். பணம் நின்றால் பாலிசி உடனே சாகாது. சலுகைக் காலம் என்று சில நாட்கள் இருக்கும். அதற்குள் கட்டினால் பாலிசி விட்ட இடத்திலிருந்து தொடரும். கட்டாவிட்டால் லேப்ஸ். அந்த லேப்ஸ் தேதி சலுகைக் காலத்தின் முடிவா, கடைசியாகக் கட்டிய காலத்தின் முடிவா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். இதனால் வங்கி ஸ்டேட்மென்ட் மட்டும் ஆதாரமாகாது. அதைத் துணை ஆவணமாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆப்பில் 'ரத்தானது' என்று காட்டும் ஸ்க்ரீன்ஷாட்டும் அதே வகை. தேதி இல்லாத ஸ்க்ரீன்ஷாட்டை ஏற்றுக்கொள்ளும் கம்பெனி வேகமானது போலத் தோன்றும், ஆனால் ஒரு தகராறு வந்தால் அது நம்மையும் காப்பாற்றாது.

இதற்கு அப்பால், க்ளெய்ம் மேசையில் அடிக்கடி தடுக்கும் சில சூழ்நிலைகள் உண்டு. இவற்றை அடையாளம் காணும் அதிகாரி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

பாலிசி கையில் கிடைத்த சில நாட்களுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பது ஒன்று. க்ளெய்ம் எதுவும் போடாமல் இப்படித் திருப்பினால் பொதுவாக முழுப்பணமும் வரும், பாலிசி தொடக்கத்திலிருந்தே இல்லாததாகக் கருதப்படும். அந்தக் கடிதத்தில் 'ரத்து' என்று மட்டும் இருந்தால் குழப்பம், 'தொடக்கத் தேதியிலிருந்தே' என்ற சொல் இருக்க வேண்டும். பல பிராணிகளுக்கு ஒரே பாலிசி எடுத்தவர்கள் ஒரு நாயை மட்டும் நீக்கினால், பாலிசி எண் தொடர்ந்து நடப்பில் இருக்கும். பழைய கம்பெனிக்குப் போன் போட்டால் "பாலிசி ஆக்டிவ்" என்பார்கள். அது உண்மைதான், ஆனால் அந்த நாய்க்கு அல்ல. இங்கே கேட்க வேண்டியது ரத்துக் கடிதத்தை அல்ல, நாயை நீக்கிய எண்டார்ஸ்மென்டை, அதாவது பாலிசியில் செய்த மாற்றத்தைப் பதிவு செய்யும் இணைப்புத் தாளை.

நாய்க்குட்டியை வளர்ப்பவரிடமிருந்தோ காப்பகத்திலிருந்தோ வாங்கும்போது சில வாரங்களுக்கு இலவச இன்சூரன்ஸ் சேர்ந்து வருவதுண்டு. உரிமையாளருக்கு அது நினைவிலேயே இருக்காது, முந்தைய பாலிசி உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று டிக் அடித்திருப்பார். மருத்துவமனைப் பதிவேட்டில் அந்தக் கம்பெனியின் பெயர் தெரிந்ததும் சந்தேகம் எழும். இது மோசடி அல்ல. அந்தச் சான்றிதழிலேயே முடிவுத் தேதி இருக்கும், தானாக முடிந்த பாலிசிக்கு ரத்துக் கடிதம் என்று ஒன்று இருக்கவே முடியாது. இல்லாத கடிதத்தை மூன்று தடவை கேட்டு மெயில் அனுப்பும் சேவைக்கு மதிப்பெண் கொடுக்க மனம் வரவில்லை.

விற்கிற பிராண்டும் பின்னால் பொறுப்பேற்கும் இன்சூரன்ஸ் கம்பெனியும் வேறு வேறாக இருப்பது இந்தத் துறையில் சகஜம். பிராண்ட் அப்படியே இருக்க, பொறுப்பேற்கும் கம்பெனி மாறினால் பாலிசி எண் மாறும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டு பாலிசிகள் போலத் தெரியும். கடிதத்தைப் பிராண்டிடம்தான் கேட்க வேண்டும், ஆனால் அதில் பொறுப்பேற்ற கம்பெனியின் பெயரும் இருக்க வேண்டும். மருத்துவமனை மாதக் கட்டணத்தில் தரும் தடுப்பூசி, பரிசோதனைத் திட்டங்கள் இன்சூரன்ஸே அல்ல, அவற்றுக்கு ரத்து ஆதாரம் கேட்டால் மறுக்கலாம்.

சிகிச்சை இரண்டு பாலிசிகளின் எல்லையில் விழும்போதுதான் ஒரு கம்பெனியின் தரம் நிஜமாகத் தெரிகிறது. பழைய கவரேஜ் 14ஆம் தேதி முடியும் நள்ளிரவோடு நிற்கிறது, புதுப் பாலிசி அப்போது தொடங்குகிறது, பூனை 13 முதல் 17 வரை மருத்துவமனையில் இருக்கிறது, பில் 17ஆம் தேதியிட்டு ஒரே தாளில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பில் தேதியை மட்டும் பார்ப்பவர் எல்லாவற்றையும் புதுக் கணக்கில் போடுவார், நோய் தொடங்கிய தேதியை மட்டும் பார்ப்பவர் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்வார். சரியான முறை, மருத்துவமனையிடம் நாள்வாரியாகப் பிரித்த பில்லை வாங்கி, பழைய கவரேஜ் நாட்களுக்கு உரியதைப் பழைய கம்பெனிக்கு அனுப்பச் சொல்வது. மீதி நாட்களைப் பொறுத்தவரை உண்மையையும் சொல்ல வேண்டும்: புதுப் பாலிசி தொடங்கும் முன்பே அறிகுறி தெரிந்துவிட்டதால் அது 'முன்பே இருந்த நோய்' என்ற விலக்கில் விழும் வாய்ப்பு மிக அதிகம். பழைய கம்பெனியும் கவரேஜ் முடிந்த பிறகான சிகிச்சைக்குப் பொதுவாகக் கொடுக்காது. இடையில் விழுந்த நாட்களுக்கு யாருமே பொறுப்பில்லை. சிகிச்சை நடக்கும்போது பாலிசியை மாற்றக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

பழைய கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய பில்களுக்கும் கெடு உண்டு. பாலிசி முடிந்து 60 அல்லது 90 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும் என்ற மாதிரியான விதிகள் இருக்கும். புதுக் கம்பெனி இரண்டு மாதம் ஃபைலை வைத்துக்கொண்டு, பிறகு "இது பழைய பாலிசிக்கு உரியது" என்று திருப்பி அனுப்பினால், அதற்குள் அந்தக் கெடு போயிருக்கும். இதை உணர்ந்து, சந்தேகம் வந்த அன்றே "பழைய கம்பெனிக்கும் இன்றே அனுப்பி வையுங்கள்" என்று ஒரு வரி எழுதும் அதிகாரிகள் இருக்கிறார்கள். அந்த ஒரு வரிக்காகவே அந்தக் கம்பெனியை மற்றவர்களுக்குப் பரிந்துரைக்கலாம்.

ஒரு கண்டனமும் உண்டு. புதுப் பாலிசி தொடங்கும் அன்றே பழையது ரத்தாகியிருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சேவையை ஏற்க முடியாது. புதுப் பாலிசியில் காத்திருப்புக் காலம், அதாவது க்ளெய்ம் செல்லாத தொடக்க நாட்கள், இருக்கிறது. நோய்களுக்கு 14 முதல் 30 நாள் என்பது பரவலானது, முழங்கால் தசைநார் கிழிதல் போன்ற எலும்பு மூட்டுப் பிரச்சினைகளுக்குச் சில இடங்களில் ஆறு மாதம்வரை போகும். அன்றே பழையதை விட்டால் அத்தனை நாளும் பிராணி வெட்டவெளியில் நிற்கிறது. காத்திருப்பு முடியும்வரை இரண்டையும் ஓடவிட்டு, பிறகு பழையதை நிறுத்துவதுதான் பாதுகாப்பு. ஒரே நேரத்தில் இரண்டு பாலிசி இருப்பது மட்டும் குற்றமல்ல, அதைச் சொல்லாமல் மறைத்து ஒரே பில்லுக்கு இரண்டு இடத்திலும் முழுப்பணம் வாங்குவதுதான் குற்றம். விண்ணப்பத்தில் "பழைய பாலிசி இன்ன தேதிவரை ஓடும்" என்று எழுதிவிட்டால் எந்தச் சங்கடமும் இல்லை. இடைவெளி இல்லாத பழைய கவரேஜைக் காட்டினால் காத்திருப்பைக் குறைக்கும் கம்பெனிகளும் உண்டு, அங்கே இதே கடிதம் வாடிக்கையாளருக்குச் சாதகமாக வேலை செய்கிறது.

ரத்துச் சரிபார்ப்பு என்ற பெயரில் முழு மருத்துவ வரலாற்றையும் துழாவுவது அடுத்த குறை. பழைய கவரேஜ் எப்போது முடிந்தது என்பதும், இந்த நோய் முன்பே இருந்ததா என்பதும் தனித்தனிக் கேள்விகள். இரண்டாவதைக் கேட்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு, ஆனால் அதை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். அமெரிக்காவின் மாநிலக் காப்பீட்டு ஆணையர்களின் தேசிய சங்கம் 2022-இல் ஏற்றுக்கொண்ட மாதிரிச் சட்டம் இங்கே நல்ல அளவுகோல். விலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்கும் பொறுப்பை அது கம்பெனியின் தலையில் வைக்கிறது. நோய்க்கான காத்திருப்பை 30 நாளுக்குள் நிறுத்துகிறது, விபத்துக்குக் காத்திருப்பே கூடாது என்கிறது. அந்த மாதிரிச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களில்தான் அது செல்லும். இருந்தாலும் எந்த நாட்டுப் பாலிசியைப் படிக்கும்போதும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

கடிதத்தை யார் வாங்குவது? உரிமையாளரிடம் ஒரு சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டு புதுக் கம்பெனியே நேராகப் பழைய கம்பெனியைக் கேட்பதுதான் வசதியான சேவை. சம்மதம் இல்லாமல் பழைய கம்பெனி வாய் திறக்காது, திறக்கவும் கூடாது. சம்மதத்தில் எந்தப் பாலிசி, எந்தப் பிராணி, எந்தக் காலம் என்று வரம்பு கட்டியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். பழைய கம்பெனி இழுத்தடித்தால், ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் இருப்பவர்கள் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தங்களைப் பற்றிய பதிவுகளைக் கேட்கலாம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். சரிபார்க்கும் அதிகாரிக்கும் ஒரு வார்த்தை: கடிதத்தில் அச்சிட்ட போன் நம்பரை அழைத்து உறுதி செய்யாதீர்கள். அந்தக் கம்பெனியின் இணையதளத்திலிருந்து எண்ணை எடுத்து அழையுங்கள். போலிக் கடிதம் தயாரிப்பவர் நம்பரையும் தானே போட்டிருப்பார்.

இன்னும் ஒன்று. ரத்துக் கடிதம் வரவில்லை என்று மொத்த க்ளெய்மையும் நிறுத்தி வைக்கும் கம்பெனியிடம், எந்தெந்தப் பில் வரிகளுக்கு அந்தக் கடிதம் தேவை என்று எழுத்தில் கேளுங்கள். பழைய கவரேஜ் எப்படிப் பார்த்தாலும் முடிந்திருக்கக்கூடிய கடைசித் தேதி ஒன்று இருக்கும்: ஆண்டு பாலிசி என்றால் அந்த ஆண்டின் கடைசி நாள், புதுப்பிக்கவில்லை என்ற அறிவிப்பு கையில் இருந்தால். அதற்குப் பிந்திய சிகிச்சைகளுக்கு அந்தக் கடிதம் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். அந்த வரிகளைப் பிரித்து முதலில் கொடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் காரணத்தையும் பாலிசி ஷரத்தின் எண்ணையும் எழுத்தில் வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கோ குறைதீர்ப்பு அமைப்புக்கோ போக நேர்ந்தால், அங்கே முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.